பூட்டிய நோட்டு

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த சேதி, சரக்கு விவகாரம், கவர்னர் வீட்டுப் பேச்சு, பதவிக்காக நடந்த பேரம், தன் மனக்குறை எல்லாமே அதில் உண்டு. அவர் இருந்தவரை அது அச்சேறவில்லை. எட்டிப் பார்க்க ஆளில்லாததால்தான் அவ்வளவு வெளிப்படையாக எழுத முடிந்தது என்று நம்புகிறேன். இன்று நாம் எழுதுவதெல்லாம் கைபேசியில். அதில் பெரும்பகுதி எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேர்கிறது. யாரோ பார்க்கக்கூடும் என்று தெரிந்ததுமே மனம் வாக்கியங்களைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது. கோபம் நாகரிகமாகிறது, பொறாமை எழுத்துக்கே வருவதில்லை. தன்னிடமே உண்மை பேசாதவர் ஊரிடம் எப்படிப் பேசுவார்? இந்தத் தனிமையைக் காக்கச் சட்டமும் முன்வந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. நிறுவனங்களைத் தட்டிக்கேட்க அவை வேண்டும். ஆனால் மகளின் நோட்டைப் புரட்டுவதை, மகனின் கைபேசியைத் துழாவுவதை அக்கறை என்றே நினைக்கும் வீடுகளுக்குள் எந்தத் தீர்ப்பும் நுழைவதில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஒரு நோட்டும், பூட்டுள்ள ஓர் இழுப்பறையும் கொடுங்கள். சாவி அவர்களிடமே இருக்கட்டும்.