பழைய டேப் வாங்கலாமா?

மேச்சேரியில் வசிக்கும் நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அண்மையில் எங்களிடம் ஒரு யோசனை கேட்டார். மேட்டூரில் ஒரு கைபேசிக் கடையில் பழைய ஐபேட் ஒன்றை 4,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். வாங்கலாமா, அல்லது இன்னும் கொஞ்சம் பணம் போட்டுப் புதிய டேப்பாகவே வாங்கிவிடுவதா? பழையது வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பிறகுதான் விசாரித்தோம். விசாரித்ததும் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அவருக்குத் திரைப்படம் பார்க்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய பதிப்புகளையும் பருவ இதழ்களையும் படிக்க வேண்டும். ஒரு காலத்தில் இவற்றுக்காகச் சென்னைக்கு ரயிலேறி, கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. இன்று அவை மேச்சேரிக்கே வருகின்றன. ஆனால் எழுத்தாக வருவதில்லை, பக்கத்தின் படமாக வருகின்றன. இந்த வேறுபாட்டைக் கருவி வாங்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

மதுரைத் திட்டம் 1998 முதல் தந்துவரும் நூல்கள் எழுத்துக் கோப்புகள். எந்தச் சிறிய கைபேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும். வருடிய பக்கம் அப்படி மடியாது. கைபேசியில் அதைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். எழுபதைத் தொட்ட கண்களுக்கு இது படிப்பு அல்ல, தண்டனை.

இனிச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். நம்முடைய பெரும்பாலான நூல்களின் டெமி பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. ஐபேடின் 9.7 அங்குலத் திரை 14.8 செ.மீ. அகலம், 19.7 செ.மீ. உயரம். ஓரத்து வெற்றிடத்தைக் கழித்துவிட்டால் அச்சிட்ட அளவிலேயே பக்கம் அதில் அடங்கிவிடுகிறது. மலிவு விலையில் இன்று கிடைக்கும் புதிய டேப்களில் பல, திரைப்படத்துக்காக நீளவாக்கில் செய்யப்பட்டவை. 8.7 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 11.3 செ.மீ.தான், அந்த அகலத்தில் 800 படப்புள்ளிகள் மட்டுமே. 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-இல் அதே அகலவாக்கில் 1,536. புதிதாய் இருப்பதனாலேயே ஒன்று மேலானதாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. (ஆறு அங்குலக் கிண்டிலைப் பரிந்துரைக்கும் அன்பர்களுக்கும் இதே விடைதான். நாவல் படிக்க அது உகந்தது. பழைய உரைப்பதிப்பின் அடிக்குறிப்பைப் படிக்க அல்ல.)

தமிழில் படப்புள்ளிக் கணக்கு வெறும் அழகுக்கானதும் அன்று. ஈயம் தேய்ந்த பழைய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே பல இடங்களில் ஐயம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட 'ணை', 'லை', 'னை' ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் சேர்ந்துகொண்டால், மங்கலான திரை பாடபேதங்களைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும்.

அப்படியானால் எந்தப் பழைய டேப்பும் ஆகுமா? ஆகாது. மேச்சேரி ஆட்டுக்குப் பேர்போன ஊர். கொம்பில்லாத, இளம்பழுப்பு நிறமான அந்தச் செம்மறி இனத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவ்வூர்ப் பக்கம் ஆடு வாங்குகிறவர் கீழ்த்தாடையைப் பிடித்து இரண்டு பல்லா, நான்கு பல்லா, எட்டும் விழுந்து முளைத்ததா என்று பார்க்காமல் விலை பேசுவாரா? டேப்புக்கும் பல் உண்டு. அது இயங்குதளத்தின் பதிப்பு எண்.

நண்பருக்குக் காட்டியது 2011-இல் வெளிவந்த ஐபேட் 2. அது ஐஓஎஸ் 9-உடன் நின்றுபோனது. லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் சான்றிதழ்களை நம்பியிருக்கும் இணையதளங்கள் ஏராளம். அவற்றுக்கு ஆதாரமாயிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் ஐஓஎஸ் 9-இல் இல்லை. ஆகவே கண்ணாடி கீறாமல் பளபளவென்று இருந்தாலும், அக்கருவி பல தளங்களின் வாசலிலேயே நின்றுவிடும். திரையின் நுண்மையும் போதாது. 2013-இன் ஐபேட் ஏர் திரையில் குறைவைக்கவில்லை. ஆனால் ஒரே ஜிபி நினைவகம், கனமான பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் மூச்சு வாங்கும். ஏர் 2 பதிப்பு 15 வரையும், 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட் பதிப்பு 17 வரையும் ஏறின. எங்கள் கணிப்பில் வாங்கத் தக்கவை இவ்விரண்டும், இவற்றை ஒட்டியவையும்.

மிக மலிவானதன் கதையை 2011-இலேயே பார்த்துவிட்டோம். அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென்று அறிமுகப்படுத்திய ஆகாஷ், 256 மெகாபைட் நினைவகமும் ஆண்ட்ராய்டு 2.2-உம் கொண்டது. தமிழ் எழுத்துகளைச் சரிவரக் கோக்கவே தெரியாத பதிப்பு அது.

கடையில் இரண்டைப் பார்த்தாக வேண்டும். கருவியை நம் கண்ணெதிரே முற்றிலும் அழித்துத் தொடங்கச் சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டால், விலை எதுவானாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவது நல்லது. அடுத்து, திரையின் விளிம்பு எங்கேனும் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பியிருந்தால் உள்ளே மின்கலம் உப்பியிருக்கிறது என்று பொருள்; அது குறை மட்டுமன்று, ஆபத்து.

வங்கிக் கணக்கைப் பழைய டேப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவியில் பணத்தைப் புழங்க விடுவது வீண் துணிச்சல். நாங்கள் பேசுவது வாசிப்புப் பலகையைப் பற்றி மட்டுமே.

நண்பர் மேட்டூர் ஐபேடை விட்டுவிட்டார். சேலத்தில் ஒரு கடையில் ஏர் 2 கிடைத்தது. 6,500 சொன்னதை 5,800-க்கு முடித்திருக்கிறார். மின்கலம் நாலு மணி நேரம் தாங்குகிறதாம், மின்னேற்றும் கம்பி மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்ததாம். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்து, ஒரு பழைய உரைப்பதிப்பின் 112-ஆம் பக்கத்தில் அச்சுப்பிழை ஒன்று இருப்பதாகச் சொல்லி முக்கால் மணி நேரம் பேசினார்.