நல்ல கணினியைக் காயலான் கடையில் போடாதீர்கள்

“உங்க சிஸ்டம் விண்டோஸ் 11 எடுக்காது சார், புதுசு வாங்கிடுங்க.” விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து, கணினிக் கடைகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் வாசகம் இது. கேட்பவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. வாங்கி ஏழெட்டு வருஷமாகிவிட்டது, அதன் காலம் அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாதத் தவணையில் ஒரு புது மடிக்கணினியை எடுத்துவிடுகிறார். பழையது பரணுக்கோ காயலான் கடைக்கோ போகிறது. புது இயங்குதளம் ஏறாத கணினி உபயோகமற்ற கணினி என்ற நம்பிக்கை இப்படித்தான் ஊரெங்கும் வேர் பிடித்திருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. கணினி வாங்குவதே பெரிய செலவாக இருக்கும் குடும்பங்களுக்கு அது அநியாயமும்கூட.

கணினிக்குச் சக்தி போதவில்லை, அதனால்தான் புது விண்டோஸ் ஏறவில்லை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு வேறு சில நிபந்தனைகளும் வந்தன: டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் உள்ள ப்ராசஸராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது. இதற்கு முன் இப்படியொரு தடுப்பு இருந்ததில்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 கேட்டதும் 2015-இல் வந்த விண்டோஸ் 10 கேட்டதும் ஏறக்குறைய ஒன்றேதான்: ஒரு கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், ஒன்றிரண்டு ஜிபி ராம். இப்போதைய பட்டியலின் தன்மையைப் புரிந்துகொள்ள இரண்டு ப்ராசஸர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 2017 தொடக்கத்தில் வந்த கோர் ஐ7-7700-க்கு நான்கு கோர், எட்டு த்ரெட், 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகம். வீடியோ எடிட்டிங்கே செய்யலாம். அதற்குப் பட்டியலில் இடமில்லை. அதே ஆண்டின் இறுதியில், மிக மலிவான மடிக்கணினிகளுக்காக வந்த செலரான் என்4000-க்கு இரண்டே கோர், அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும். அதற்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்ற வெகு சிலவற்றில் ஒன்று கோர் ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாஃப்ட் தன் பெயரிலேயே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கணினியில் இருந்தது அந்த ப்ராசஸர்தான்.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கோடு என்பது நிறுவனத்தின் பதில். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. டிபிஎம் பயனுள்ள வசதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோடு பாதுகாப்பை மட்டும் பார்த்துப் போடப்பட்டது என்பதுதான் பொருந்திவரவில்லை. தீய நிரல்கள் இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள் நுழையாமல் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாடு வேகமாக இயங்க ப்ராசஸரின் உதவி வேண்டும். இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலேயே அந்த உதவி இருக்கிறது, அது விலக்கப்பட்டது. ஏஎம்டியில் ஜென் 2 வடிவமைப்பில்தான் அது வந்தது. அதற்கு முந்தைய ரைசன் 2000 சேர்க்கப்பட்டது. இன்னொரு காரணத்தையும் 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் முன்வைத்தது. சோதனையில், நிபந்தனைகளுக்கு உட்படாத கணினிகளில் கெர்னல் மட்ட முடக்கங்கள் 52 சதவீதம் அதிகம் என்றது, உட்பட்டவற்றில் 99.8 சதவீதம் முடக்கமில்லாத அனுபவம் என்றது. 52 என்ற எண் மட்டும் காதில் விழுந்தால் பயமாகத்தான் இருக்கும். இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு இரண்டு என்பது பாதி கூடினால் ஆயிரத்துக்கு மூன்று. இதற்காகவா ஒரு முழுக் கணினியைத் தூக்கி எறிவது? உண்மையான எல்லை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கோர் 2 டுவோ காலத்துக் கணினியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்த ப்ராசஸரில் கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். 2016, 2017-இல் வாங்கிய கணினிகள் அந்த எல்லைக்கு வெகு தூரம் இந்தப் பக்கம் இருக்கின்றன.

இதைவிட வருத்தம் தருவது, தகுதியுள்ள கணினிகளே தகுதியற்றவை என்று ஒதுக்கப்படுவது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் பல கணினிகளில் டிபிஎம் 2.0 இல்லை என்று சிவப்புக் குறி காட்டும். அவற்றில் குறிப்பிடத்தக்க பங்கு, டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டவை. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது அதிகம். கணினியை ஆன் செய்யும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பகுதியில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று இருப்பதை எனேபிள் செய்தால் சிவப்புக் குறி பச்சையாகிவிடும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் ரெகவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பூட் முறை லெகசியாக இருந்தால் டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றிய பிறகே யுஇஎஃப்ஐக்குப் போக வேண்டும்; அந்த மாற்றத்துக்கான கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. தொழில் தெரிந்த டெக்னீஷியனுக்கு இது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்து பார்க்காமலே புதுசு வாங்கச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் விண்டோஸ் 10-இலேயே பேசாமல் இருந்துவிடலாம் என்று யாராவது முடிவெடுத்தால் அது எதிர்ப்பக்கத் தவறு. மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஓட்டைகளை அடைத்து அப்டேட் வெளியிடுகிறது. அடைத்த பதிப்பையும் அடைக்காத பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். விண்டோஸ் 10-உம் 11-உம் உள்ளுக்குள் பெரும்பகுதி ஒரே நிரல். ஆகவே 11-க்கு வரும் ஒவ்வோர் அப்டேட்டும் அப்டேட் வராத 10-இன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் நடந்தது 2017 மே 12-இல். அதற்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டிருந்தது. இரண்டு மாதத்தில் அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள் நாடு நாடாக விழுந்தன; பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்ற ஆறுதலும் போதாது, இயங்குதளத்தின் ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைப்பதில்லை. பழைய கணினியை விடாமல் வைத்திருங்கள், அப்டேட் வராத இயங்குதளத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் வாதம். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை விண்டோஸ் பேக்கப்பில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கொடுக்காமலே அது கிடைக்கும். அது அவகாசம், நிரந்தர ஏற்பாடு அல்ல.

நிரந்தர ஏற்பாடு லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம். இந்தப் பெயரைச் சொன்னதும் அது இன்ஜினீயர்களுக்கானது என்று ஒதுங்குபவர்கள், இன்று ஒரு வீட்டுக் கணினி என்ன வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெட் பேங்கிங், மின்கட்டணம், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூட்யூப், ஒரு விண்ணப்பத்தை டைப் செய்து பிரின்ட் எடுப்பது. கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே பிரவுசருக்குள் நடப்பவை. அந்தக் கடைசி ஒன்றுக்கும் லிப்ரே ஆஃபீஸ் போதும். லினக்ஸின் வடிவங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, 4 ஜிபி ராம் இருந்தால் சௌகரியமாக ஓடும். பாதுகாப்பு அப்டேட் 2029 வரை வரும். பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் சவுண்டும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகை உண்டு. பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். சில ஆயிரம் ரூபாயில் ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் பூட் ஆகும் நேரமே தலைகீழாக மாறிவிடும். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக உபுன்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் பயன்படுத்துவதைப் பெரியவர்களால் பயன்படுத்த முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். தமிழ்நாட்டிலும் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போனதால் அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். குறை இயங்குதளத்தில் இல்லை, சொல்லிக்கொடுக்காததில் இருந்தது.

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது என்ற ஆட்சேபம் நியாயமானது. டேலியில் கணக்கு எழுதுபவர், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவர், பழைய எழுத்துருக்களில் டிடிபி செய்பவர் விண்டோஸை விட்டு வர முடியாது. தொழிலுக்குத் தேவையென்றால் புதுக் கணினி வாங்குவதே சரி. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். நூற்றுக்கணக்கான துறை மென்பொருள்களும் அரசியல் மாற்றங்களும் கொண்ட ஒரு நகராட்சியின் சிக்கல் அது. பிரவுசரும் பிரின்டரும் மட்டுமே வேண்டிய ஒரு வீட்டுக்கு அதை அளவுகோலாக வைப்பது பொருந்தாது. புதுக் கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது இன்னொரு வாதம். மிச்சம் உண்மைதான். ஆனால் ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கரியமில உமிழ்வில் பெரும்பகுதி, அது கடைக்கு வந்து சேர்வதற்கு முன்பே தயாரிப்பில் நிகழ்ந்துவிடுகிறது. வீட்டு உபயோகத்தில் மிச்சமாகும் சில யூனிட் மின்சாரம் அதை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும்.

தூக்கிப் போட்ட கணினி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-இன் முடிவால் உலகம் முழுக்க 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் என்று சந்தை ஆய்வு நிறுவனமான கேனலிஸ் 2023-இலேயே மதிப்பிட்டது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் புது வடிவில் நடைமுறையில் உள்ளன. தயாரித்தவரே மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. நடப்பில் பெரும்பகுதி காயலான் கடை வழியாக முறைசாராத் தொழிலாளர்களிடம்தான் போகிறது. டெல்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் செம்புக்காக வயரை எரிக்கிறார்கள், தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும். நன்றாக ஓடும் ஒரு கணினி, பட்டியலில் பெயரில்லாத ஒரே காரணத்துக்காக அந்த இடத்துக்குப் போவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

2026 அக்டோபர் 13-க்குள் முடிவெடுத்தாக வேண்டிய வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதற்குள் உங்கள் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். பயாஸில் டிபிஎம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றாலோ, ப்ராசஸர் பட்டியலில் இல்லையென்றாலோ ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் புதுசுதான் வாங்கியாக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் கணினி எந்த நிபந்தனையில் தவறுகிறது என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகு பர்ஸைத் திறங்கள்.