முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்

"நாளைக்கு அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வா." தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் தெரியும்: நாங்கள் யோசிக்காமல் சொல்லும் இந்த வரி, சிதம்பரம் பக்கம் நடவுக்குப் போகும் தாய்க்கு ஒருநாள் கூலி நட்டம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் விடியுமுன் கடலுக்குப் போனவரைக் காலை பத்து மணிக்கு வரச்சொன்னால் எப்படி வருவார்? வந்தாலும் மேசைக்கு முன் நிற்கவைத்து, பிள்ளை எதிரிலேயே புகார் வாசிக்கிறோம்.

நான் கண்ட வழி எளிது. அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்க வேண்டும். "வாங்கண்ணே, உக்காருங்க. பையன் கணக்குல கெட்டி. ஒரு வாரமா வரலை, வீட்ல ஏதும் சிரமமா?" என்று தொடங்கினால் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

பணிவு வேறு, நழுவல் வேறு. 18 வயது நிறையாத மாணவிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியாக வேண்டும். மாணவரை மனத்தளவில் துன்புறுத்துவதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அது ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டாலும் தலைமையாசிரியர் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அதைத் தனியறையில் சொல்லலாம்.

கல்வி மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊர் சிதம்பரம். அந்த மண்ணில் எந்தப் பெற்றோரும் பள்ளி அலுவலகத்தில் கைகட்டி நிற்கக் கூடாது. தலைமையாசிரியர்களே, நாளைக்கே உங்கள் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போடுங்கள்.