மட்டை கேட்ட மகள்

எங்கள் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்கு அடுத்தபடி பெயர்போனது ஹாக்கி. ஆனாலும் என் மகள் மட்டை கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி?" என்று அதட்டினேன்.

அவர்தான் சொன்னார்: "1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கின அணிக்குத் தலைவர் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அதே மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கியும் ஒலிம்பிக்கில் முதன்முதலா நடந்துச்சு. நம்ம பெண்கள் நாலாவது இடம்!"

வாயடைத்துப் போனேன். இப்போது விடியற்காலையில் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். ஆட்டம் முடிந்ததும் நிறையத் தண்ணீர், ஒரு கடலைமிட்டாய். முழங்காலில் சிராய்ப்பு என்றால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன்.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த என்னை, வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.