எம் தெருவில் வேண்டாமா?

"குடிநோயினின்று மீள்வோர் வாழட்டும், ஆனால் எம் தெருவில் வேண்டாம்" என்பது பிறரன்பின் மொழியன்று. 1975-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தோன்றிய ஆக்ஸ்ஃபோர்டு இல்லங்களில் கண்காணிப்பாளர் எவருமில்லை. அங்கு வாழ்வோரே வாடகையைப் பகிர்கின்றனர், வாக்களித்து முடிவெடுக்கின்றனர், மீண்டும் குடித்தவரை வெளியேற்றுகின்றனர். இத்தகைய இல்லமொன்றை வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகர நிர்வாகம் எதிர்த்தது. உறவினரல்லாதோர் ஐவருக்கு மேல் ஒரே வீட்டில் வாழலாகாது எனும் விதியைக் காட்டியது. பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுவசதிச் சட்டத்தினின்று அவ்விதிக்கு விலக்கில்லை என 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை முடிந்தவரைப் பழைய மதுக்கடை வாசலுக்கே திருப்பியனுப்பிவிட்டு, "திருந்தவில்லையே" எனப் பழிப்பது அறமாகுமா? அன்பர்களே, அத்தகையோர் உங்கள் தெருவில் வீடு தேடி வந்தால் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிடாதீர்கள். வாடகைக்கு வீடு கொடுங்கள்.