‘காத்திருங்கள்’ என்ற கெட்ட அறிவுரை

வெண்புள்ளி உயிரைக் கொல்லாதாம். அது வெறும் அழகுப் பிரச்சினையாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லையாம். மீன், பால், புளிப்பு தவிர்த்துக் காத்திருந்தால் போதுமாம். இப்படி எழுதியிருப்பவர் ஒரு மருத்துவர் என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

உடலின் எதிர்ப்புச் செல்களே நிறமிச் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது வெண்புள்ளி. இதில் மீனுக்கும் பாலுக்கும் என்ன வேலை? வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து சத்துள்ள உணவைப் பிடுங்கினால் பிள்ளை மெலியும், புள்ளி மறையாது. ஓராண்டு பத்தியம் இருந்து, இளைத்து, புள்ளிகள் இரட்டிப்பான பிறகு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓராண்டுதான் பறிபோன சிகிச்சைக் காலம். புதிய புள்ளிகள், குறிப்பாக முகத்தில் இருப்பவை, மருந்துக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். உடலுக்கு ஸ்டீராய்டு களிம்பு, முகத்துக்கு டாக்ரோலிமஸ், பரவலாக இருந்தால் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் என வழிகள் இருக்கின்றன. வேகமாகப் பரவும்போது வாரத்தில் இரண்டே நாள் ஸ்டீராய்டு மாத்திரை தரும் முறை தில்லி எய்ம்ஸில் உருவானது. விரல் நுனியிலும் உதட்டிலும் நிறம் திரும்புவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். அதைக் காட்டி எல்லாருக்கும் கைவிரிப்பது அநியாயம்.

நேரம் இல்லையா? பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், வெண்புள்ளியில் குறையாது. சுரண்டினால் செதில் உதிர்கிறதா என்று பார்த்தால் பூஞ்சைத் தேமலைப் பிரித்தறியலாம். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடம் மட்டும் வெளுத்திருந்தால் அதன் பசையைச் சந்தேகித்துப் பொட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறு இதனோடு சேர்ந்து வருவதுண்டு. அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இவற்றுள் எதற்கும் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை.

‘வெறும் அழகு’ என்ற சொல்லை அந்த மருத்துவர் திரும்பப் பெற வேண்டும். தொட்டாலும் ஒட்டாத இந்த நிலைக்கு ‘வெண்குஷ்டம்’ என்று பெயரிட்டு, தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்து, இது உள்ள பெண்களுக்கு வந்த வரன்களைத் திருப்பியனுப்பிய ஊர் இது. அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லட்டும், இது நோயே இல்லை என்று.

பெற்றோரே, பிள்ளையின் உடம்பில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி கண்டால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். பத்தியம் சொல்லி அனுப்பினால், தோல் மருத்துவரிடம் போங்கள்.