அடுத்த வாய்தா என்னிக்கு?

எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கும் அக்காவுக்கு ஒரு ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. 'அடுத்த வாய்தா என்னிக்கு?' என்று கேட்க, இரண்டு பஸ் மாறி வக்கீல் ஆபீஸுக்குப் போவார். குமாஸ்தா கையில் ஏதாவது வைத்தால்தான் தேதி தெரியும். அன்றைய வியாபாரமும் போச்சு.

போன வாரம் அவர் மகனின் போனில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். இலவசம்தான். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர் எண் ஒன்று உண்டு. வழக்குக் காகிதத்திலிருந்து அதைப் பார்த்துத் தட்டியதும், அடுத்த தேதியும் இதுவரை நடந்த வாய்தாக்களும் வரிசையாக வந்தன. "இதுக்கா தம்பி இத்தனை நாள் அலைஞ்சேன்?" என்றார் அக்கா.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு அதிர்ச்சி. வக்கீல் ஃபீஸுக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்திருக்கிறார். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. வழக்கு பாதியில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

எப்படிக் கேட்பது?

* 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.
* தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.
* கேஸ் போடும் முன் ஆலோசனை மட்டும் வேண்டுமா? 2017-ல் தொடங்கிய 'டெலி-லா' திட்டத்தில், பொதுச் சேவை மையம் மூலம் போனிலோ வீடியோவிலோ வக்கீலுடன் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. இப்போது பலர் ஏ.ஐ-யிடம் சட்டம் கேட்கிறார்கள். நோட்டீஸில் இருக்கும் கடினமான வார்த்தைக்கு அர்த்தம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால், இல்லாத தீர்ப்பைக்கூட இருப்பதாக அது அடித்துச் சொல்லும். அதை மட்டும் நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆப் வந்துவிட்டது என்பதற்காக வழக்கு வேகமாக நகராது. ஆனால், தேதி கேட்பதற்காக இனி அவர் பூக்கடையை மூட வேண்டாம். இலவச வக்கீலுக்கும் விண்ணப்பித்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கோ, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கோ இப்படி ஒரு வழக்கு இருக்கலாம். 15100. இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்களேன்!